எடை போடுவோம், ஸ்டாம்பு ஒட்டுவோம்



ஒரு பார்சலுக்கு எவ்வளவு ஸ்டாம்பு ஒட்டணும்? என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒருத்திக்கும் தெரியவில்லை. போன மாதம் வரைக்கும் எனக்கும் தெரியாதுதான்.

நம்மோடு படித்த ஒரு தோழி அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டாள். அவள் அப்பாவுக்கு அங்கே பனியன் கம்பெனியில் வேலை. வீடு மாற்றியதில் அவளுடைய கணக்கு நோட்டு தொலைந்துபோச்சு. பொதுத்தேர்வோ நெருங்குகிறது. அதனால் என் அக்கா படித்த இரண்டு வினா வங்கிப் புத்தகங்களையும், அவளுக்காக நான் புதிதாக எழுதிய கணக்கு நோட்டையும் அனுப்பலாம் என்று நினைத்தேன். உண்டியலில் இருந்தது 75 ரூபாய்.

முதலில் மளிகைக் கடை அண்ணாச்சியிடம் எடை போட்டேன். புத்தகங்கள் 820 கிராம், நோட்டு 180 கிராம்.

அடுத்து தபால் நிலையம். கவுண்டரில் இருந்த அக்கா பொறுமையாகச் சொன்னார். புத்தகம் அனுப்ப 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்று ஒன்று வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. என் புத்தகங்களுக்கு 35 ரூபாயும் வரியும்.

"நோட்டையும் உள்ளேயே வச்சிரலாமாக்கா?"

"கூடாதும்மா. அது அச்சடிச்ச புத்தகத்துக்கு மட்டுந்தான். கையால எழுதினது லெட்டர் கணக்குல வரும்."

லெட்டருக்கு 20 கிராம் வரை 5 ரூபாய். கூடுகிற ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னொரு 5 ரூபாய். 180ஐ 20ஆல் வகுத்தால் 9. அப்போ 45 ரூபாய்! என் காசு பத்தாது.

வீட்டுக்கு வந்து நோட்டின் கெட்டி அட்டையைக் கழற்றினேன். எழுதாத தாள்களை எல்லாம் எடுத்துவிட்டேன். எழுதிய தாள்களை மட்டும் ஊசி நூலால் தைத்தேன். மறுபடி அண்ணாச்சி கடைத் தராசு. கவரோடு சேர்த்து 118 கிராம். 6 பங்கு, 30 ரூபாய். இன்னும் 3 கிராம் கூடியிருந்தால் 7 பங்காகியிருக்கும். ஆக, இரண்டும் 75 ரூபாய்க்குள் அடங்கிவிட்டன.

இன்னொரு விஷயம். 1854க்கு முன்பு நம் நாட்டில் தூரத்தைப் பார்த்துத்தான் கடிதத்துக்குக் காசு வாங்கினார்கள். அந்த ஆண்டில்தான், எங்கே அனுப்பினாலும் கால் தோலா எடைக்கு அரை அணா என்று வந்தது. அதனால்தான் இன்றும் சாதாரணக் கடிதம் பக்கத்து ஊருக்குப் போனாலும் காஷ்மீருக்குப் போனாலும் ஒரே கட்டணம். ஸ்பீடு போஸ்ட்டில் எடையோடு தூரமும் சேரும்.

ஐந்தாம் நாள் தோழி போன் செய்தாள். "எல்லாம் வந்துருச்சுடி! ஆமா, நோட்டுக்கு அட்டையைக் காணோமே?" என்றாள். "அட்டைக்கு டிக்கெட் எடுக்கக் காசில்லடி" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

நண்பர்களே, நீங்களும் பார்சல் அனுப்பும் முன் மூன்றைப் பாருங்கள். எடை எவ்வளவு? உள்ளே இருப்பது அச்சா, கையெழுத்தா? எவ்வளவு அவசரம்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் கட்டணத்தை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். மறக்காமல் பின்கோடும் எழுதுங்கள்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி