கொஞ்சம் தள்ளி உட்காருங்க!

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவர்)

பயணங்களில் இரண்டு வகை உண்டு. நாம் நாள் பார்த்துப் புறப்படுவது ஒன்று. வாழ்க்கை நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது மற்றொன்று. முதல் வகைக்கு முன்பதிவு இருக்கிறது. 120 நாள்களுக்கு முன்பே தொடங்கிய இரயில் முன்பதிவு, 2024 நவம்பரிலிருந்து 60 நாள்களுக்கு முன்பு என்று மாறியிருக்கிறது. கலியாணத்திற்கும் தீபாவளிக்கும் அது போதும். ஆனால் சாவு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டா வருகிறது? நோய் வருகிறதா? நேர்முகத் தேர்வுக் கடிதந்தான் வருகிறதா? இப்படித் திடீரென அழைக்கப்பட்டவர்களுக்கென்றே, வண்டியின் தலையிலும் வாலிலும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன முன்பதிவில்லாப் பெட்டிகள்.

இந்தப் பெட்டிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1917-ஆம் ஆண்டு காந்தியடிகள் மும்பையிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. 22 பேர் அமர வேண்டிய பெட்டியில் வழியின் பெரும்பகுதியும் 35 பேருக்கு மேல் இருந்தனர் என்றும், ராய்ச்சூருக்குப் பிறகு நெரிசல் தாங்க முடியாமற் போயிற்று என்றும் அவர் எழுதியிருக்கிறார். 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் ஒழிந்தது. பெயர் ஒழிந்ததே தவிர, நெரிசல் ஒழியவில்லை! ராய்ச்சூருக்குப் பதில் மதுரை என்று போட்டுக்கொண்டால், அவர் எழுதியது இன்றைக்கும் பொருந்தும்.

சென்ற பொங்கல் விடுமுறை முடியும் சமயம் என் அக்காவுக்கு ஓர் அழைப்பு வந்தது. நான்கு ஆண்டுகளாகப் படித்துப் படித்து எழுதிய அரசுப் பணித் தேர்வில் எண் வந்துவிட்டது. அசல் சான்றிதழ்களுடன் சென்னைக்கு வரவேண்டும். இடையில் ஐந்தே நாள். எல்லா வண்டியிலும் காத்திருப்போர் பட்டியல். தட்கல் கதவு திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. தனியார் பேருந்துக் கட்டணத்தைக் கேட்ட அப்பா, பேசாமல் செல்பேசியைக் கீழே வைத்துவிட்டார். "நீயும் கூடப் போ" என்று என்னிடம் சொன்னார் அம்மா. புளிச்சோற்றுப் பொட்டலமும் தண்ணீர்ப் புட்டியுமாகக் கிளம்பினோம்.

திருநெல்வேலியிலிருந்து சென்னை எழும்பூர் சுமார் 650 கிலோமீட்டர்; ஓர் இரவு முழுவதும் ஓட்டம். 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணமானால், முன்பதிவில்லாச் சீட்டை மூன்று நாள் முன்னதாகவே வாங்கிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதனால் சீட்டு எங்கள் கையில் இருந்தது. வண்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விட்டோம். ஆனால் எங்களுக்கு முன்பே வரிசை பாம்பாக வளைந்து நின்றது! பெட்டி வந்தது, வரிசை போன இடம் தெரியவில்லை. சன்னல் வழியே துண்டுகள் பறந்தன. நாங்கள் உள்ளே போய்ச் சேர்ந்தபோது, எள் போட்டால் எள் விழ இடமில்லை. மேலே சாமான் பலகையில்கூட மூன்று மூன்று பேர் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தனர்.

அப்போதுதான் பொதுப் பெட்டியின் முதல் பாடத்தைக் கற்றேன். இருக்கை எங்கே என்று தேடக் கூடாது. "நீங்க எங்க இறங்கணும் அண்ணாச்சி?" என்று கேட்க வேண்டும். கோவில்பட்டியில் ஒருவர், விருதுநகரில் இருவர், மதுரையில் ஒரு குடும்பம் என்று பெட்டியின் வரைபடம் ஐந்து நிமிடத்தில் மனத்தில் விரிந்துவிடும். யார் முதலில் இறங்குவாரோ அவர் பக்கத்தில் நின்றுகொள்ள வேண்டியதுதான்.

இரண்டாம் பாடத்தை ஓர் ஆச்சி கற்பித்தார். ஐந்து பேர் நெருக்கிக்கொண்டிருந்த இருக்கையில், அக்காவைப் பார்த்ததும், "பொம்பளப் பிள்ளை நிக்குது, கொஞ்சம் தள்ளி உக்காருங்க!" என்று ஓர் அதட்டல். எங்கிருந்துதான் வந்ததோ, அரையடி இடம் வந்துவிட்டது.

மூன்றாம் பாடம், முறை வைத்தல். மதுரையில் ஓர் இடம் காலியாயிற்று. அதைக் குறிவைத்து நின்றவர்கள் மூவர்: நான், வேலைக்குப் போகும் ஒரு கொத்தனார், தோளில் குழந்தையுடன் ஒருவர். சண்டை வருமோ என்று அஞ்சினேன். கொத்தனார், "குழந்தைக்காரர் முதல்ல உக்காரட்டும். அப்புறம் ஆளுக்கு ஒரு மணி நேரம்" என்றார். சீட்டுப் பரிசோதகர் எட்டிப் பார்க்காத அந்தப் பெட்டியில், ஒரு மணி என்றால் ஒரு மணிதான்! திருச்சி தாண்டி என் முறை வந்தபோது, அவரே என்னைத் தட்டி உட்காரவைத்தார்.

ஆனால் எங்கள் உண்மையான கவலை சான்றிதழ்க் கோப்பு. அதை மேலே வைத்தால் நசுங்கும். கீழே வைத்தால் மிதிபடும். மடியில் வைத்துக்கொண்டு அக்கா தூங்கி விழுந்துகொண்டிருந்தாள். காலையில் அதிகாரிகள் முன் நிற்க வேண்டியவள்! எதிரே இருந்த பெரியவர், "அங்க அடுக்குமாடி வீட்டுல எனக்கு ராக்காவல் வேலை. முழிச்சிருக்கிறதுக்குத்தான் சம்பளம் தாறாங்க. காயிதத்தை நான் வச்சுக்கிடுதேன், நீ தூங்கு தாயி" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். நான்கு ஆண்டு உழைப்பை, பெயர் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். விழுப்புரம் போயிற்று, செங்கல்பட்டு போயிற்று. தூக்கத்தில் குழந்தையை ஏந்தியிருப்பவர்போல, மடியில் அசையாமல் வைத்திருந்தார் அவர். தாம்பரத்தில் அக்காவை எழுப்பிக் கொடுத்துவிட்டு, "நல்லபடியா முடியும்" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். பத்து மணிக்கு அக்காவின் பெயரை அழைத்தபோது, ஒரு தாளின் மூலைகூட மடங்கியிருக்கவில்லை. இறுதிப் பட்டியலை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்" என்பது பழமொழி. அதைச் சொன்னவர் பொதுப் பெட்டியில் ஏறியதில்லை போலும்! அங்கே அரையடி இடம் பெற்றவர், அடுத்த நிலையத்தில் ஏறுபவருக்கு அதில் கால் அடியைத் தருகிறார்.

அதற்காக நெரிசலைப் புகழ்ந்து பாடுவதும் முறையாகாது. மக்களின் பொறுமை பெரிதுதான். அந்தப் பொறுமையையே காரணமாக்கிப் பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் இருப்பது நியாயமா? அவசரத்தில் புறப்படும் ஏழைக்கும் உட்கார்ந்து போக உரிமை உண்டு. நாளை அதிகாரிகளாகவும் ஆசிரியர்களாகவும் ஆகப்போகும் நாம் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை, நண்பர்களே, உங்களுக்கு இருக்கை கிடைத்துவிட்டால், நிற்பவர் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அவரையும் ஏதோ ஒன்று திடீரென அழைத்திருக்கும்.