அனுமதிக் கடிதமும் தோடிக் காந்தாரமும்

“எல்லாம் நெற்றில சும்மா கிடக்குதுதானே ஐயா, ஏன் கடிதம் எழுதி மினக்கெடுறியள்?” காரைநகர்ப் பெடியன் ஒருவன் இப்படிக் கேட்டதை, பழைய இசை மென்பொருள்களைப் பேணிவரும் அந்த முதியவர் இன்னும் மன்னிக்கவில்லை. அவன் கேட்டதில் மரியாதைக் குறைவு இல்லையாம். தொழில் தெரியாமைதான் இருந்ததாம்.

அவரிடம் உள்ளவை பெரும்பாலும் அட்டாரி எஸ்.ரி. காலத்தவை. 1985இல் இசைக்கருவிகளை இணைக்கும் மிடித் துளைகளைத் தன் உடம்பிலேயே வைத்துக்கொண்டு வந்த கணினி அது. பிளொப்பிகள் புலம்பெயர்ந்த உறவினரின் அலுமாரிகளிலிருந்து வந்தவை. 1991இல் போரில் காரைநகரே இடம்பெயர்ந்தது. ரேடியோ பற்றரிக்கே தடை இருந்த காலத்தில் இங்கே அட்டாரி ஏது? வந்தவற்றையும் உப்புக்காற்று விடுவதில்லை. தகட்டில் துரு, உள்ளே பூஞ்சணம்.

வேலையைக் கேட்டால் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்: கிரீஸ்வீசல் பலகையால் வட்டின் ஃபிளக்ஸ் பதிவை எடு, ஹட்டாரி எமுலேற்றரில் ஏற்று. அதைப் பெடியனே செய்வான் என்பார். சிக்கல் பூட்டில் இருக்கிறது. நொட்டேற்றர், கியூபேஸ் என்ற இசை மென்பொருள்கள் இரண்டும் கார்ட்ரிட்ஜ் துளையில் சாவி கேட்பவை. அரைகுறையாகப் பூட்டு உடைத்த பிரதியும் திறக்கும். பாட்டின் நடுவில் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் மென்பொருளினதா, உடைத்தவனதா?

அதைவிட அவரை ஆட்டிவைத்தது கமகம். மிடியில் அதை எழுதும் சுருதி வளைவுக்கு 16,384 படிகள் உண்டு. ஆனால் அந்தப் படிகள் எத்தனை சுரத்தானங்களுக்குப் பரவும் என்பதைத் தீர்மானிப்பது வாசிக்கும் கருவி. பல கருவிகளில் அது மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு. அந்த அளவில் தோடிக் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையில் ஒழுங்காக ஆடும். அதே கோப்பைப் பன்னிரண்டுக்கு வைத்த கருவியில் போட்டால் ஆட்டம் ஆறு மடங்காகி இரண்டு ஸ்தாயிக்கு ஓலமிடும். எல்லையைக் கோப்பிலேயே எழுதிவைக்கக் கட்டளை உண்டு, எழுதியவர்கள் குறைவு. அப்போது எது சரி என்று செய்தவரிடம்தான் கேட்க வேண்டும். அனுமதி கேட்டு எழுதும் கடிதத்திலேயே இதையும் கேட்டுவிடுவார். ‘ஆம்’ என்ற பதிலோடு கையேடும் சில வேளை மூலநிரலும் வருவது அப்படித்தான்.

இப்படி அனுமதி கேட்பதற்கு முன்னோடி உண்டு. அமெரிக்கரான ரிம் கொன்றார்டி அட்டாரி இசை மென்பொருள்களை ஆக்கியோரைத் தேடித்தேடி அனுமதி பெற்றுச் சேர்த்தார்; டொக்டர் ரீஸ் மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர் எமில் டோபென்ஃபெல்டும் இசைந்தவர்களில் ஒருவர். அனுமதி வேண்டும் என்றுதான் சட்டமும் சொல்கிறது: இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டப்படி ஆக்கியவரின் ஆயுளுக்குப் பின்னும் 70 ஆண்டுகள் உரிமை நிற்கும். ஆனால் நிறுவனங்கள் அவ்வளவு காலம் நிற்பதில்லை. 2002இல் ஆப்பிள், லொஜிக் இசை மென்பொருளைச் செய்த எமாஜிக்கை வாங்கியதும் அதன் விண்டோஸ் பதிப்பு 5.5உடன் நின்றுபோனது. அதில் பாட்டுக் கட்டியவர்கள் எங்கே போவார்கள்?

நெற்றில் கிடக்கும் இப்போதைய ‘முழுத் தொகுப்பு’களைத் திறந்தால் அவருக்கு எரிச்சல் வருகிறது. பதிப்பு எண் இல்லை, கையேடு இல்லை, ஆக்கியவர் பெயர்கூட இல்லை. ஓடுதா என்று மட்டும் பார்க்கிறார்கள். என்ன சுருதியில் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை.

அவரிடம் ஒவ்வொரு வட்டுப் படிமத்தோடும் கடிதம், பதிப்பு எண், வளைவு எல்லை மூன்றும் இருக்கும். அனுமதி வராதவை தனி அலுமாரியில். அவற்றுக்குப் பிரதி கொடுப்பதில்லை. வருகிற பெடியள் முதலில் கேட்பது அந்த அலுமாரியைத்தான்.