கடைசி இடத்தில் நின்றவர்கள்

2015ஆம் ஆண்டின் தொடக்கம். சமூகவியலில் பட்டம் பெற்றும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. மூன்று நேர்முகத் தேர்வுகளில் தவறியிருந்தேன். கிளிநொச்சியில் மீளக் குடியேறிய எங்கள் வீட்டில் அம்மாவின் தையல் மெசினை நம்பியே அடுப்பு எரிந்தது.

தம்பிக்கு இங்கிலாந்தின் லெஸ்டர் சிற்றி உதைபந்தாட்டக் கழகத்தில் பைத்தியம். பிரிமியர் லீக்கின் 20 கழகங்களில் அது கடைசியில் கிடந்தது.

“தோற்கிறவையை ஏனடா பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?” என்றேன்.

“வெல்லேக்க எல்லாரும் வருவினம் அக்கா” என்றான்.

கடைசி 9 ஆட்டங்களில் 7இல் வென்று, 14ஆம் இடத்துக்கு வந்து அந்தக் கழகம் தப்பியது. அடுத்த பருவத்தில் அது வெல்வதற்கு 5000க்கு ஒன்று என்றே பந்தயக்காரர் கணித்தனர். ஆனால், 1884இல் தொடங்கிய அக்கழகம் 2016 மே 2ஆம் திகதி முதன்முறையாகச் சம்பியனானது.

உலகம் அந்தக் கிண்ணத்தைப் பேசியது. எனக்கோ அதற்கு முந்திய ஆண்டுதான் பெரிது. அன்று விழுந்திருந்தால் கிண்ணம் ஏது? நான்காவது விண்ணப்பத்தை நிரப்பினேன். வேலை கிடைத்தது.

2023இலும் 2025இலும் லெஸ்டர் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. தம்பி அதை விடவில்லை.

அண்மையில், வளர்த்த கோழிகள் எல்லாம் நோயில் செத்துப்போன ஒரு சகோதரி, “இனி ஏலாது தங்கச்சி” என்று அழுதார். நான் வெற்றிக் கதை எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்து, “இந்த மாதக் கடனை எப்படிக் கட்டுவம் அக்கா?” என்று கேட்டேன்.

சகோதரிகளே, முதலில் விழாமல் நிற்போம். மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்.