கப்பலின் மணியும் கரையின் மணியும்

நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே இணைத்து 'முதற்பொருள்' என வகுத்தார் தொல்காப்பியர். இவ்விரண்டும் பிரிக்கவொண்ணாதவை என்பதை வகுப்பறையில் பலகாலம் கற்றும் கற்பித்தும் வந்திருக்கிறோம். ஆயினும், நிலம் மாறினால் பொழுதும் மாறும் என்பதை ஏட்டில் அறிவது வேறு. கப்பலின் மேல்தளத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்து அறிவது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும், தாய்லாந்தின் புக்கெட் தீவுக்கும் சென்று திரும்பிய சுற்றுலாக் கப்பல் ஒன்றில் யாம் பயணம் செய்தபோது இரண்டாவது வகை அறிவு வாய்த்தது.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். எனவே, கிழக்கே செல்பவனுக்குப் பொழுது முந்தி விடிகிறது. மேற்கே செல்பவனுக்குப் பிந்தி விடிகிறது. சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குச் சென்றுவந்த 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில் பயணம் செய்த பெரியவர்கள் நம்மிடையே இன்றும் உள்ளனர். 1985இல் நேர்ந்த தீ விபத்தோடு அக்கப்பலின் பணி முடிவுற்றது. சிங்கப்பூர் சென்று இறங்குவோர் தம் கடிகாரத்தை முன்பெல்லாம் இரண்டு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தனர். 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவும் அதனைப் பின்பற்றிச் சிங்கப்பூரும் தத்தம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தின. அன்றுமுதல் அந்த வேறுபாடு இரண்டரை மணி நேரமாயிற்று. கதிரவன் அன்றும் பழைய வேளையிலேயே உதித்தான். மாறியது மனிதன் வகுத்த மணிக்கணக்கே.

இந்த மனித வகுப்பின் விந்தையைப் பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் இடையே காணலாம். இவ்விரு தீவுகளும் நெடுவரைக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு பாகையே விலகியுள்ளன. கதிரவன் அந்தத் தொலைவைக் கடக்க எட்டு நிமிடங்கள் போதும். ஆனால், பினாங்கின் கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முந்தியது. புக்கெட்டின் கடிகாரம் ஏழு மணி நேரம் முந்தியது. எட்டு நிமிட வேறுபாட்டை எல்லைக்கோடு ஒரு மணி நேரமாக்கிவிடுகிறது!

இத்தகைய துறைமுகங்களுக்கு இடையே செல்லும் கப்பல் எந்த நேரத்தைக் கைக்கொள்ளும்? அதனை முடிவு செய்பவர் கப்பல் தலைவர். சில பயணங்களில் ஒவ்வொரு துறைமுகத்தின் நேரத்துக்கும் ஏற்பக் கப்பலின் கடிகாரத்தை மாற்றுவர். வேறு சில பயணங்களில், புறப்பட்ட துறைமுகத்தின் நேரமே இறுதிவரை நீடிக்கும். எமது கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே கொண்டிருந்தது. ஒவ்வோர் இரவும் அறைக்கு வந்த தாளில், உணவு வேளை முதல் புறப்படும் வேளை வரை அனைத்தும் கப்பல் நேரப்படியே குறிக்கப்பட்டிருந்தன.

புக்கெட்டில் எமது கப்பல் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரமிட்டது. பயணிகளைச் சிறு படகுகள் கரைக்குக் கொண்டு சென்றன. கரையிலிருந்து திரும்பும் கடைசிப் படகு மாலை 4 மணிக்கு; கப்பல் புறப்படுவது 5 மணிக்கு. எம்மோடு ஒரே மேசையில் உணவருந்தி வந்த குடும்பத்தில் கணவன், மனைவி, கணவரின் தாயார் என மூவர் இருந்தனர். மூட்டுவலியால் தாயார் கப்பலிலேயே தங்கிவிட, மகனும் மருமகளும் கரைக்குச் சென்றனர். யாம் முன்னதாகவே திரும்பி, அந்த அம்மையாருடன் மேல்தளத்தில் அமர்ந்திருந்தோம். நான்கரை மணியளவில் அவர் கைப்பேசியில் மகனை அழைத்துப் பேசினார். பின்னர் எம்மை நோக்கி, "ஐயா, மணி மூன்றரைதான் ஆகிறது, இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்கிறான். இங்கே சுவர்க் கடிகாரம் நான்கரை காட்டுகிறதே?" என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை எமக்கு உடனே புரிந்தது. சொல்லத்தான் நா எழவில்லை. கரை சேர்ந்ததும் மகனின் கைப்பேசி, அந்நாட்டு அலைவரிசையைப் பற்றிக்கொண்டு தானாகவே ஒரு மணி நேரம் பின்னே சென்றுவிட்டது. கடைகளில் இருந்த கடிகாரங்களும் அதனையே காட்டின. ஐயுறுவதற்கு அவருக்குக் காரணமே இல்லை. யாம் உடனே கப்பல் அலுவலரிடம் ஓடிச் சொன்னோம். கடைசிப் படகும் மேலேற்றப்பட்டுவிட்டது என்றார் அவர். இருவருடைய கடவுச்சீட்டுகளும் கரையிலுள்ள முகவரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஐந்து மணிக்குக் கப்பல் ஊதியது, நகர்ந்தது. அவ்விருவரும் தம் செலவில் விமானமேறிச் சிங்கப்பூர் வந்து, துறைமுக வாயிலில் தாயாரை எதிர்கொண்டனர். இடைப்பட்ட இரு இரவுகளும் அந்த அம்மையார் எம் இல்லத்தாரின் அருகிலேயே இருந்தார். உணவு இறங்கவில்லை, உறக்கமும் வரவில்லை.

இதில் யார் பொய் சொன்னார்? கைப்பேசி சொன்னது உண்மை. கடையின் கடிகாரம் சொன்னது உண்மை. கப்பலின் கடிகாரம் சொன்னதும் உண்மையே. பல உண்மைகள் ஒருங்கே நிற்கும்போது, நாம் எந்த உண்மைக்குக் கட்டுப்பட்டவர் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். கடைக்காரர் தம் நேரப்படி கடையடைப்பார்; கப்பல் தன் நேரப்படி புறப்படும்.

இந்தப் புதிர் மிகப் பழையது. சிரியாவின் ஹமா நகரில் ஆட்சி புரிந்த புவியியல் அறிஞர் அபுல்ஃபிதா (1273–1331), உலகைச் சுற்றி மேற்கே செல்பவனுக்கு ஒரு நாள் குறையும், கிழக்கே செல்பவனுக்கு ஒரு நாள் கூடும் என்று தம் 'தக்வீமுல் புல்தான்' நூலில் விளக்கினார். அவர் மறைந்து இரு நூற்றாண்டுகள் ஆகும் வேளையில், மகெல்லன் தொடங்கிய உலகப் பயணத்தில் எஞ்சிய மாலுமிகள் 1522இல் கேப் வேர்டு தீவுகளை அடைந்தனர். அவர்கள் கணக்கில் அன்று புதன்கிழமை, கரையிலோ வியாழக்கிழமை! நாள் தவறாமல் குறிப்பெழுதி வந்த பிகஃபெத்தா திகைத்துப் போனார். அவருடைய குறிப்பில் பிழையேதுமில்லை. கதிரவனோடு மேற்கே சென்றதில் ஒரு நாள் கரைந்திருந்தது.

இடர் தந்த இதே வேறுபாடு பின்னாளில் வழிகாட்டியாகவும் ஆயிற்று. ஜான் ஹாரிசன் என்னும் ஆங்கிலக் கடிகாரக் கலைஞர் ஆக்கிய கடற்கடிகாரம், 1761இல் ஜமைக்கா நோக்கிய பயணத்தில் சோதிக்கப்பட்டது. புறப்பட்ட ஊரின் நேரத்தை அது பிழையின்றிக் காத்தது. கதிரவன் உச்சியை அடையும்போது கப்பல் இருக்குமிடத்தின் நண்பகல் தெரியும். இரண்டு நேரங்களையும் ஒப்பிட்டால் கப்பல் எத்தனை பாகை விலகியுள்ளது என்பது புலனாகும். இரு நேரங்களையும் மறவாது வைத்திருந்தவனே தான் நிற்கும் இடத்தை அறிந்தான்.

கப்பற் பயணம் மேற்கொள்வோர் செய்யத்தக்கது எளியதே. பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்து, பயணம் முடியும்வரை அதனைத் தொடாதிருத்தல் வேண்டும். கைப்பேசி தானாக நேரம் மாற்றுவதை நிறுத்திவிடுதல் நலம். இறங்கும் வாயிலில் உள்ள கடிகாரத்தோடு ஒருமுறை ஒப்புநோக்கி, கடைசிப் படகின் வேளையைக் கப்பல் நேரத்திலும் கரை நேரத்திலும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளல் இன்னும் நலம்.

திருக்குறளில் 'காலமறிதல்' 49ஆம் அதிகாரம். அதனை அடுத்து 'இடனறிதல்' 50ஆம் அதிகாரம். அரசனுக்கும் போருக்கும் சொன்ன முறைவைப்பு அது. எனினும், கடல் கடந்து கற்கவும் பொருளீட்டவும் செல்லவிருக்கும் நம் மாணவச் செல்வங்களுக்கும் அது பொருந்தும். செல்லும் நாட்டின் நேரத்துக்கு இசைந்து வாழுங்கள். அங்குள்ள பணிக்கும் பழக்கத்துக்கும் அது இன்றியமையாதது. அத்துடன், உங்களுக்காகக் காத்திருப்போரின் கடிகாரம் என்ன காட்டுகிறது என்பதையும் மறவாதீர்கள். இரண்டையும் அறிந்தவனே உரிய வேளையில் வீடு திரும்புவான்.