கதவில் ‘பூஷூ’ சொல்லும் ஊர்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஏரிக்கரையில் இருக்கும் சின்ன ஊர் பெமிட்ஜி. கடைத்தெருவில் நடந்தால் பல கடைகளின் கதவில் ‘பூஷூ’ என்று எழுதியிருக்கும். வணக்கம் என்று அர்த்தம். ‘மீக்வெச்’ என்றால் நன்றி. கழிப்பறைக் கதவுகளில்கூட ஆண்களுக்கு ‘இனினிவக்’, பெண்களுக்கு ‘இக்வேவக்’. 2009-ல் தொடங்கிய முயற்சி இது.

இவை அனிஷினாபே மக்களின் ஓஜிப்வே மொழிச் சொற்கள். லீச் லேக், ரெட் லேக், ஒயிட் எர்த் என அவர்களின் மூன்று பகுதிகளுக்கு நடுவே இருக்கிறது பெமிட்ஜி. ஊரின் பெயரும் அவர்கள் தந்ததே. மிசிசிப்பி ஆறு ஏரிக்குள் புகுந்து குறுக்கே கடந்து போவதால் வந்த பெயர்.

நல்வாழ்வை இவர்கள் ‘மினோ பிமாதிசிவின்’ என்கிறார்கள். ‘மினோ’ என்றால் நல்ல. வாழ்வைக் குறிக்கும் அடுத்த சொல்லுக்குள் ‘வழியே போய்க்கொண்டிருப்பது’ என்ற பொருளும் ஒளிந்திருக்கிறது.

அந்த வாழ்வைப் பார்க்க, ஆகஸ்ட் கடைசியில் ஏரிகளுக்குப் போக வேண்டும். ‘மனூமின்’ என்ற காட்டரிசி முற்றும் காலம் அது. முதலில் ஒரு சிட்டிகை புகையிலையைத் தண்ணீருக்குக் காணிக்கையாக இடுவார்கள். படகில் ஒருவர் கழி ஊன்றித் தள்ள, இன்னொருவர் இரண்டு குச்சிகளால் கதிரை வளைத்து மெல்லத் தட்டுவார். முற்றிய மணிகள் படகில் விழும். தண்ணீரில் சிந்துவது அடுத்த ஆண்டுக்கு விதை. முற்றாதது கதிரிலேயே நிற்கும்.

மொழியிலும் இந்த மரியாதை உண்டு. உயிருள்ளவை, உயிரற்றவை என்று பெயர்ச்சொற்களைப் பிரிக்கிறார்கள்; கல்லும் மேளமும் உயிருள்ள பக்கத்தில்! இன்னொன்று, நமக்கு நெருக்கமானது. கேட்பவரையும் சேர்த்தால் ‘கீனவிந்த்’, சேர்க்காவிட்டால் ‘நீனவிந்த்’. நமது நாம், நாங்கள் போலவே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

அந்த ஆங்கிலத்தைப் புகுத்தத்தான், பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. அமெரிக்கப் பகுதியில் இன்று பிறந்ததிலிருந்து ஓஜிப்வே பேசி வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்.

பக்கத்து விஸ்கான்சின் மாநிலத்தில், ‘வாதூகோதாதிங்’ என்ற பள்ளி பிள்ளைகளுக்கு ஓஜிப்வே மொழியிலேயே பாடம் நடத்துகிறது. ஒருவருக்கொருவர் உதவும் இடம் என்பது பெயரின் பொருள். பாட்டிகளுக்குத் தெரிந்த மொழி அங்கே பேரப்பிள்ளைகளின் நாக்கில் ஏறுகிறது.

ஏறித்தான் ஆக வேண்டும். ‘நாம்’ என்று சொல்ல, எதிரே இன்னொருவர் வேண்டுமே!