சோறு வைக்கிறவருக்குத்தான் தெரியும்

பிள்ளைகளே, நாய், பூனை என்றால் உயிர் என்று நீங்கள் சொல்லும்போது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பிரியத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குட்டியைக் காப்பாற்றிவிட முடியாது. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், கல்வராயன் மலை அடிவாரம் என்று கால்நடை மருத்துவனாகவே காலம் கழித்தவன் நான். பிரியம் இல்லாத வீட்டுப் பிராணிகளைவிட, பிரியம் இருந்தும் கவனிக்க ஆள் இல்லாத வீட்டுப் பிராணிகளைத்தான் நோய் முற்றிய நிலையில் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பிராணி வலியை வெளியே காட்டாது. காட்டில் நொண்டுகிற விலங்கைத்தான் வேட்டை விலங்குகள் முதலில் பிடித்துத் தின்னும். அந்தப் பயம் வீட்டுக்கு வந்த பிறகும் அதன் ரத்தத்தை விட்டுப் போகவில்லை. அது சுருண்டு படுத்துவிட்டது என்று நீங்கள் பதறும்போது, நோய் வந்து சில நாள் ஆகியிருக்கும். அதனால் நோயைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால், அது நன்றாக இருக்கும்போது எப்படி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சோறு வைத்துவிட்டுத் திரும்பிப் போகாதீர்கள். தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். பாதியில் விடுகிறதா, ஒரே பக்கமாக மெல்லுகிறதா, தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறதா என்று பாருங்கள். மலம் கழித்த இடத்தைப் பார்க்கவும் அருவருப்புப் படாதீர்கள். பிறகு மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் ஒருமுறை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஈறு கறுப்பான நாய் என்றால் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். வெளுத்துக் கிடந்தால் குடற்புழுவாக இருக்கலாம், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போங்கள். காது மடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் விரல் விட்டுத் தடவினால் உண்ணி கையில் தட்டுப்படும். அதற்காக மண்ணெண்ணெய் தடவாதீர்கள். தோல் வெந்துபோகும், நக்கினால் உள்ளேயும் போகும்.

தொட்டுப் பார்த்துவிட்டு, சுடுகிறது, காய்ச்சல் என்று முடிவு கட்டவும் வேண்டாம். நாயின் இயல்பான சூடே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். காய்ச்சல் என்று நினைத்து வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் சக்தி இல்லை. ஒரே மாத்திரைகூட அதைக் கொன்றுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகும் பிரியாணியையும் நாய்க்கு வைக்காதீர்கள். அதிலிருக்கும் வெங்காயமும் பூண்டும், வெந்திருந்தாலும் சரி, ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

குட்டிக்கு ஒரு ஊசி போட்டாயிற்றே, இன்னும் எத்தனை என்று சலித்துக்கொள்கிறீர்கள். தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. அந்தச் சக்தி எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறோம். நடுவில் ஒன்றை விட்டால் பார்வோ என்ற வைரஸ் நுழைந்துவிடலாம். வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தக்கழிச்சல், இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விடும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். துக்கம் ஆறுவதற்கென்று அதே வாசலில் உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து விடாதீர்கள்.

மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, அதன்பின் ஆண்டுதோறும். இதில் மட்டும் நான் கண்டிப்பானவன். வெறிநோயின் அறிகுறி தெரிந்த பிறகு மனிதரைக் காப்பாற்ற வழியில்லை. அதற்கு முன்னால் தடுத்துவிட வழி இருக்கிறது. 1885இல் பாரிசில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு ஊசி போட்டுக் காட்டினார். 1907இல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் நிறுவனம் வந்துவிட்டது. அப்புறமும் கடிவாயில் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வைத்துக் கட்டுவது நியாயமா? கடியோ, நகக்கீறலோ, குட்டி நாயோ, தெரிந்த வீட்டு நாயோ, எதுவானாலும் குழாயடியில் சோப்புப் போட்டு முழுசாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். வெள்ளிமலைக்கு மேலே ஏதோ ஒரு குக்கிராமத்தில் இருந்து நீங்கள் கச்சிராயபாளையம் இறங்கி வர நேரம் ஆகலாம். சோப்பும் தண்ணீரும் அங்கேயே இருக்கின்றன. கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். சொன்ன நாளில் எல்லா ஊசியும் போட்டு முடியுங்கள்.

கடிக்கும் முன்னால் நாய் பலமுறை சொல்லும். முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், உடம்பு விறைக்கும், கடைசியில் உறுமும். உறுமினால் அடிக்கிறோம். நாலு தடவை அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், பயத்தை விடாது. அப்புறம் நேரே கடிதான். மனிதரிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று சொல்லும் பிள்ளையின் வாயை அடைத்துவிட்டு, பிறகு ஒருநாள் அவன் வெடித்தான் என்று வியக்கக் கூடாது.

நாய் வளர்க்கிறவர் வீட்டில் ஆடும் இருக்கும். நம் பக்கம் மரவள்ளி அதிகம். பசித்த ஆடு பச்சை மரவள்ளித் தழையை வயிறு முட்டத் தின்றால், தழையிலிருக்கும் சயனைடு நஞ்சு மூச்சைப் பிடித்துவிடும். ஆடு துடிக்கும், சில நிமிடங்களில்கூடச் சாகும். உடனே மருத்துவர் வந்தால் ஊசியில் மீட்கலாம். 1962க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். ஆனால் அந்தச் சில நிமிடங்களை நம்பி இருக்காதீர்கள். காலையில் வேறு தீவனம் போட்டு வயிற்றை நிரப்பிவிட்டு ஓட்டுங்கள், மரவள்ளிக் கொல்லைப் பக்கம் விடாதீர்கள். தழையை நன்றாக வெயிலில் காயவைத்தால் நஞ்சு குறையும்.

எங்களைப் போன்றவர்களிடம் நாயைக் கொண்டுவருகிறவர் பெரும்பாலும் இளைஞர், பைக்கில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு வருவார். "கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது மலம் கழித்தது?" என்று கேட்பேன். உடனே போனை எடுத்து அம்மாவைக் கூப்பிடுவார். மருத்துவத்துக்குத் தேவையான பதில் எல்லாம் அந்த அம்மாவிடம்தான் இருக்கும். குட்டிக்குப் பெயர் வைத்தது, படம் எடுத்தது மகன், பராமரித்தது அவர். நாளைக்கு மகனுக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்துவிடும். நாய் பன்னிரண்டு வருஷம்கூட இருக்கும்.

ஆகவே குட்டி வாங்கப் போகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: காலையில் சோறு வைக்கப்போவது யார், வாசலைக் கழுவப்போவது யார், வயதாகிக் கண் மங்கிய காலத்தில் அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகப்போவது யார்? மூன்றுக்கும் பதில் "அம்மா" என்றால், முன்பணம் கொடுக்கும் முன் அம்மாவிடம் சம்மதம் வாங்குங்கள்.