‘எனக்குத் தெரியும்’

முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன் நான். மெல்லக் கற்கும் மாணவனைக் குறித்து நான் கவலையுற்றதில்லை. காலம் தாழ்ந்தேனும் அவன் கற்றுக்கொள்வான். “இது எனக்குத் தெரியும் ஐயா” என்று பாதிப் பாடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுபவனைக் குறித்தே கவலையுற்றேன். தன்னம்பிக்கை வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் அளவு கடந்த தன்னம்பிக்கை, அறிவின் வாயிலை உள்ளிருந்தே தாழிட்டுவிடுகிறது.

இது கல்லாதவரின் குறையென்று எண்ணுகிறோம். கற்றவரிடத்தே அது இன்னும் ஆழமாக வேரூன்றும் என்பதற்கு வரலாறு சான்று பகர்கிறது.

வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இரண்டு பேறுகாலப் பகுதிகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும், மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தனர். 1846-ஆம் ஆண்டில் மருத்துவர் பகுதியில் நூற்றுக்கு 11 தாய்மார் மாண்டனர். மருத்துவச்சியர் பகுதியிலோ 3 பேருக்கும் குறைவு! காரணம் தேடினார் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர். பிணங்களை அறுத்து ஆராய்ந்த கைகளோடு மருத்துவர்கள் நேரே தாய்மாரிடம் வருவதே காரணமென உணர்ந்தார். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவிய பின்னரே பிரசவம் பார்க்க வேண்டுமென 1847 மே மாதத்தில் விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18-ஆக இருந்த மரணம் ஜூலையில் 1-ஆகக் குறைந்தது.

ஆயினும் அக்கால மருத்துவ மேதைகள் பலர் அவர் கூற்றை ஏற்கவில்லை. கிருமிகளைப் பற்றிய தெளிவு அன்று இல்லை என்பது உண்மையே. எனினும், உயிர் காக்கும் தங்கள் கைகளே சாவைச் சுமந்து சென்றன என்ற எண்ணத்தையும் அவர்களால் தாங்க இயலவில்லை. 1865-இல் செம்மல்வைஸ் மனநோய் விடுதியொன்றில் இறந்தார்.

‘எனக்குத் தெரியும்’ என்ற செருக்குக்கு விலை கொடுத்தவர் யார்? அந்த மேதைகள் அல்லர். ஏதுமறியாத தாய்மார் அன்றோ!

நம் இல்லங்களிலும் இது நிகழ்கிறது. எல்லாம் அறிந்த தந்தையிடம் மகன் மனந்திறந்து பேசுவதில்லை. எல்லாம் அறிந்த மாமியாரிடம் மருமகள் யோசனை கூறுவதில்லை. இழப்பு குடும்பம் முழுவதற்கும்தான்.

என் அன்னையார் எழுபத்தாறாம் வயதில் பேத்தியிடம் கைபேசி இயக்கக் கற்றார். “இன்னொரு தரம் காட்டு கண்ணே” என்று கேட்க அவர் ஒருபோதும் நாணியதில்லை. பேத்தியும் தன் மனத்திலுள்ளதையெல்லாம் பாட்டியிடமே முதலில் கூறினாள்.

தாழ்ச்சி என்பது தன்னை இகழ்வதன்று; இன்னும் கற்க இடமிருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே. நம் வீட்டில் வயதில் இளையவரிடம் இன்று ஒன்றைக் கேட்டுக் கற்போமா?